வேலையும் வேலை நடக்கும் இடமும்

(மும்பை அணுசக்தி நகரில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒரு நிறுவனத்தின் நிலமும் கட்டடங்களும், அவற்றை நாள்தோறும் நடத்திக்கொடுக்கும் பராமரிப்புப் பணிகளும் அந்த நிறுவனத்தின் தொழிலுக்கு எப்படி மதிப்புச் சேர்க்கின்றன என்பது இன்று எனக்குத் தரப்பட்டிருக்கும் பொருள். மேலாண்மைக் கல்லூரிகளில் இது பாடமாக இருக்கிறது. பெரிய நிறுவனங்களில் இதற்கென்று தனித் துறை இருக்கிறது. ஆனால் ஆண்டு முடிவில் இயக்குநர் குழு கூடும்போது அந்தத் துறையிடம் கேட்கப்படும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: செலவை எவ்வளவு குறைத்தீர்கள்? நான் தொழில் வாழ்க்கை முழுவதையும் கட்டடப் பராமரிப்பில் கழித்தவன். அந்தக் கேள்வி தொடங்கும் இடமே சரியில்லை என்று சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன். கட்டடத்துக்குச் செலவாகும் பணம் கட்டடக் கணக்கில் தெரியும். அதனால் விளையும் பயன் அந்தக் கணக்கில் தெரியாது. அந்தக் கட்டடத்தில் உட்கார்ந்து வேறொருவர் செய்யும் வேலையில்தான் அது போய்ச் சேர்கிறது. அளப்பதானால் அங்கே போய் அளக்க வேண்டும்.

இதைப் பேச அணுசக்தி நகரைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

அணுசக்தித் துறை ஊழியர்களுக்காக எழுந்த இந்த நகரியத்தின் வேர் அணு விஞ்ஞானி ஹோமி பாபாவிடம் இருக்கிறது. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தை அவர் 1945-இல் தொடங்கினார். கொலாபாவில் அதற்கு எழுப்பிய கட்டடத்தை 1962-இல் நேரு திறந்துவைத்தார். சிகாகோவிலிருந்து கட்டடக் கலைஞரை வரவழைத்தது, செலவில் நூற்றுக்கு ஒரு பங்கைக் கலைப்பொருள்கள் வாங்க ஒதுக்கக் கேட்டுப் பெற்றது, தோட்டத்தில் எந்த மரம் எங்கே நிற்க வேண்டும் என்பதுவரை தானே முடிவு செய்தது என்று அவரைப் பற்றிப் பல செய்திகள் உண்டு. பலர் இவற்றை ஒரு பெரிய மனிதரின் ரசனை என்று சொல்லி விட்டுவிடுகிறார்கள். நான் அப்படிப் பார்ப்பதில்லை. வெளிநாட்டில் நல்ல ஆய்வுக்கூடத்தில் இருக்கும் ஓர் இளம் விஞ்ஞானி இந்தியாவுக்குத் திரும்பி வர வேண்டுமானால், வந்து நிலைக்க வேண்டுமானால், அவர் நாள் முழுவதும் இருக்கப்போகும் இடம் எப்படி இருக்க வேண்டும் என்று யோசித்துச் செய்த ஏற்பாடு அது. இன்றைய பாஷையில் சொன்னால், ஆட்களைச் சேர்ப்பதும் தக்கவைப்பதும் கட்டடத்தின் வேலையும்தான் என்று அவர் அன்றே முடிவு செய்துவிட்டார்.

டிராம்பேயில் அணுசக்தி நிலையம் 1954-இல் தொடங்கியது. 1956 ஆகஸ்டில் அப்சரா உலை இயங்கியது, 1960-இல் சைரஸ். 1957-இல் தொடங்கிய பயிற்சிப் பள்ளி ஆண்டுதோறும் நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் இளம் பட்டதாரிகளை இங்கே கொண்டுவந்தது. தஞ்சாவூரிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் ஒரு டிரங்குப் பெட்டியோடு தாதரில் இறங்கியவர்கள் இந்த அவையிலேயே இருப்பீர்கள். அந்த வயதில் மும்பைக்கு வருகிறவருடைய முதல் கவலை அணுப்பிளவைப் பற்றியதாக இருக்க முடியாது. பகடி என்ற பெருந்தொகை முன்பணம் கொடுக்க வசதி கிடையாது. வாடகைக்குப் போனால் டெபாசிட், தரகுக் கூலி, பதினோரு மாத லீவ் அண்ட் லைசென்ஸ் ஒப்பந்தம். ஒப்பந்தம் முடிந்தால் மறுபடியும் மூட்டை கட்ட வேண்டும். பிள்ளைக்குப் பள்ளி மாற்ற வேண்டும். ஹார்பர் லைனில் தொங்கிக்கொண்டு போய்வர வேண்டும். ஒரு நிறுவனம் தன் ஊழியரிடமிருந்து முழுக் கவனத்தை எதிர்பார்க்கிறது என்றால், இந்தக் கவலைகளில் எத்தனையை அது தன் தோளில் ஏற்றிக்கொள்ளத் தயார் என்பதுதான் முதல் கேள்வி.

அணுசக்தித் துறை அனைத்தையும் ஏற்றிக்கொண்டது. குவார்ட்டர்ஸ், ஆஸ்பத்திரி, பஸ், பாதுகாப்பு, தண்ணீர் என்று எல்லாம் இங்கே வந்தன. அணுசக்திக் கல்விச் சங்கம் 1969-இல் உருவாகிப் பள்ளிகள் எழுந்தன. இவ்வளவையும் கட்டவும் பேணவும் துறைக்குள்ளேயே ஒரு தனி அமைப்பு வைத்தார்கள். கட்டுமானம், சேவைகள், எஸ்டேட் நிர்வாகம் மூன்றையும் கவனிக்கும் அந்த இயக்குநரகத்தை டி.சி.எஸ்.இ.எம். என்ற எழுத்துகளால்தான் எல்லோரும் அறிவார்கள். இங்கே விக்ரம் சாராபாய் பவனில் அதன் அலுவலகம் இருக்கிறது. அணுமின் நிலையங்களை நடத்தும் நியூக்ளியர் பவர் கார்ப்பரேஷனின் தலைமையகமும், அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் நியாமக் பவனும் இதே நகரியத்தில்தான் உள்ளன. வீடும் அலுவலகமும் ஒரே எஸ்டேட்டுக்குள் அமைந்த நிறுவனங்கள் இந்தியாவில் வேறும் உண்டு. ஜாம்ஷெட்பூர் உண்டு, நம் நெய்வேலி உண்டு. ஆனால் அவை வெட்டவெளியில் எழுந்த ஊர்கள். அங்கே நகரியம் கட்டாமல் தொழிலே நடந்திருக்காது. மும்பை போன்ற மாநகரத்துக்குள், வீடுகள் விலைக்கும் வாடகைக்கும் கிடைக்கும் இடத்தில், அலவன்ஸைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளாமல் நகரியம் அமைத்ததுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

இரவு ஷிஃப்ட்டில் உலைக் கட்டுப்பாட்டு அறையில் இருக்கும் ஒரு பொறியாளரை எண்ணிப் பாருங்கள். வீட்டில் குழந்தைக்கு ஜுரம். பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் (பி.ஏ.ஆர்.சி.) ஆஸ்பத்திரி இதே காலனியில் இருக்கிறது. பக்கத்து வீட்டு மாமி கூட்டிக்கொண்டு போய்விடுவார் என்று அவருக்குத் தெரியும். அவர் கண் மீட்டரில் இருக்கிறது. அந்தக் கவனத்தின் விலை எந்த எஸ்டேட் கணக்கிலும் வராது. உலை பத்திரமாக ஓடியது என்ற செய்தியில் அது அடங்கியிருக்கிறது.

மேலாண்மை உலகம் இதைத் தாமதமாகவே பேசத் தொடங்கியது. 1983-இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் ஜெக்ஹௌசர், சில்வர்மன் என்ற இருவர் எழுதிய கட்டுரை, அமெரிக்க நிறுவனங்களின் சொத்தில் கால் பங்கோ அதற்கு மேலோ நிலத்திலும் கட்டடத்திலும் கிடக்கிறது, ஆனால் அதைக் கண்ணும் கருத்துமாக நிர்வகிப்பவர்கள் குறைவு என்று எடுத்துக்காட்டியது. பத்து ஆண்டுகள் கழித்து எம்.ஐ.டி.யைச் சேர்ந்த மைக்கேல் ஜோராஃபும் உடன் ஆய்வாளர்களும், பணம், ஆட்கள், தொழில்நுட்பம், தகவல் ஆகியவற்றுக்கு அடுத்த ஐந்தாவது வளம் என்று இடத்தைச் சொன்னார்கள். 2018-இல் ஐ.எஸ்.ஓ. 41001 என்ற தரநிலை வந்தது. ஆட்கள், இடம், நடைமுறை மூன்றையும் இணைத்து, மக்களின் வாழ்க்கைத் தரத்தையும் நிறுவனத்தின் முதன்மைத் தொழிலின் திறனையும் உயர்த்துவது வளாக நிர்வாகத்தின் வேலை என்பது அந்தத் தரநிலை வரிசையில் உள்ள வரையறையின் சாரம். வாழ்க்கைத் தரமும் தொழில் திறனும் ஒரே மூச்சில் சொல்லப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். செலவுக் குறைப்பு அந்த வரையறையில் இல்லை.

ஜே.எல்.எல். என்ற சர்வதேச ரியல் எஸ்டேட் நிறுவனம் பரப்பிய ஒரு கணக்கு உண்டு. அதை 3-30-300 என்பார்கள். ஒரு சதுர அடிக்கு ஆண்டுக்கு மின்சாரம் முதலியவற்றுக்கு 3 டாலர், வாடகைக்கு 30 டாலர், அங்கே உட்கார்ந்திருப்பவர்களின் சம்பளத்துக்கு 300 டாலர் என்பது தோராயமான விகிதம். நம் ஊரில் இந்த விகிதம் அப்படியே பொருந்தாது. மும்பை வாடகை அதிகம், சம்பளம் அமெரிக்காவை நெருங்காது. ஆகவே நமக்கு வேறொரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். உதாரணத்துக்காக நான் எடுத்துக்கொள்ளும் எண்கள்தான் இவை. ஓர் ஊழியருக்கு ஆண்டுக்கு 12 லட்ச ரூபாய் செலவாகிறது. அவருக்கு 100 சதுர அடி இடம், மாதம் சதுர அடிக்கு 150 ரூபாய் வாடகை. ஆண்டுக்கு 1 லட்சத்து 80 ஆயிரம். அந்த அலுவலகத்தில் லிஃப்ட்டுக்குக் காத்திருப்பதிலும், ஏ.சி. சரியில்லாமல் இடம் மாறி உட்காருவதிலும், மீட்டிங் ரூம் தேடுவதிலும், நாற்றமடிக்கும் கழிப்பறையைத் தவிர்த்து அடுத்த மாடிக்குப் போய்வருவதிலும் நாளைக்கு இருபது நிமிடம் போகிறது என்று வையுங்கள். எட்டு மணி நேர வேலையில் இருபது நிமிடம் என்பது இருபத்து நான்கில் ஒரு பங்கு. 12 லட்சத்தில் இருபத்து நான்கில் ஒரு பங்கு 50 ஆயிரம். நூறு பேர் இருந்தால் 50 லட்சம். அதே நூறு பேருக்கு மொத்த வாடகையே 1 கோடியே 80 லட்சம்தான். ஹவுஸ்கீப்பிங் காண்ட்ராக்டில் நூற்றுக்குப் பத்து குறைத்துவிட்டோம் என்று மகிழும் அதிகாரி, இந்த 50 லட்சம் எங்கே போயிற்று என்று யாரிடமும் கேட்பதில்லை. அவரிடமும் யாரும் கேட்பதில்லை. ஏனென்றால் அது சம்பளக் கணக்கில் கரைந்துவிட்டது.

இனி ஒரு மொட்டை மாடிக்கு உங்களை அழைத்துப் போகிறேன். எந்தக் கட்டடமாகவும் இருக்கட்டும், மும்பையின் கட்டடமாக இருந்தால் போதும்.

மே மாதக் கடைசி. மழைக்கு இன்னும் இரண்டு வாரம். தளத்தின் மேல் செங்கல் துண்டுகளைச் சாந்தில் பதித்து, வாட்டம் கொடுத்துப் போட்டிருப்பார்கள். பிரிக்பேட் கோபா என்று இங்கே மேஸ்திரிகள் சொல்வது அதைத்தான். அந்த வாட்டம் மூலையில் உள்ள மழைநீர்க் குழாயின் வாயில் போய் முடியும். வாயில் ஒரு ஜாலி. ஜாலியின் மேல் அரசிலை, பறவை இறகு, யாரோ ஆன்டெனா மாட்டிவிட்டு விட்டுப்போன ஒயர்த் துண்டு, பழைய பெயின்ட் சிலும்பு. ஒருவர் குனிந்து கையால் இவற்றை அள்ளி எடுக்க அரை மணி நேரம் ஆகும். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் இடத்தில் விரல் நீளத்துக்கு ஓர் அரசஞ்செடி முளைத்திருக்கும். அதை வேரோடு எடுத்து, பொந்தை அடைக்க இன்னும் அரை மணி நேரம்.

இதைச் செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? முதல் கனமழையில் தண்ணீர் வடியாமல் தேங்கும். செடியின் வேர் போட்ட வழியில் இறங்கும். தளத்துக்குள் கம்பி இருக்கிறது. டிராம்பே கடற்கரை. காற்றிலேயே உப்பு. உப்பும் ஈரமும் சேர்ந்தால் கம்பி துருப்பிடிக்கும். துரு என்பது இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும் பொருள். அது உள்ளிருந்து தள்ளும். கம்பியை மூடிய கான்கிரீட் வெடித்து, ஒருநாள் கீழ்த்தளத்துச் சோறு உண்ணும் மேசைமேல் ஒரு பாளம் விழும். அதற்குள் சுவரில் பூஞ்சை படர்ந்து ஒரு பிள்ளைக்கு இழுப்பு வந்திருக்கும். மின்பெட்டியில் ஈரம் இறங்கி ஒரு முறை சுவிட்ச் தெறித்திருக்கும். அப்பா இரண்டு நாள் லீவு போட்டிருப்பார். சிவில் வேலை ஒரு கணக்குத் தலைப்பில், மின்சார வேலை இன்னொரு தலைப்பில், மருத்துவச் செலவு வேறொரு துறையில், லீவு மற்றொரு பதிவேட்டில். நான்கு இடங்களில் சிதறிக் கிடக்கும் செலவை ஒரு ஜாலியோடு சேர்த்துப் பார்க்கும் கண் எந்த நிறுவனத்தில் இருக்கிறதோ, அங்கேதான் பராமரிப்பு என்பது நிர்வாகமாகிறது. மற்ற இடங்களில் அது கம்ப்ளெய்ன்ட் புத்தகமாகவே இருக்கும்.

தடுப்புப் பராமரிப்புக்கு ஒரு சோதனை உண்டு. அது நன்றாக நடந்தால் ஒன்றும் நடக்காது. ஒன்றும் நடக்காத ஆண்டில், இவ்வளவு பேர் எதற்கு, இவ்வளவு பணம் எதற்கு என்ற கேள்வி எழும். இந்தத் துறையில் உழைப்பவர்கள் எல்லோரும் அந்தக் கேள்வியைச் சந்தித்தவர்கள்தான்.

டிராம்பேயிலேயே இதற்கு நல்ல விடை ஒன்று இருக்கிறது. 1960-இல் இயங்கத் தொடங்கிய சைரஸ் உலையில் முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு முதுமையின் அடையாளங்கள் தெரிந்தன. எந்தப் பாகம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, எது இன்னும் எத்தனை ஆண்டு தாங்கும் என்று ஒவ்வொன்றாக ஆராய்ந்து, 1997-இல் உலையை நிறுத்திப் புதுப்பித்தார்கள். 2002-இல் அது மீண்டும் இயங்கத் தொடங்கி 2010 இறுதிவரை பணியாற்றியது. புதுப்பித்த கையோடு, உலையின் கழிவு வெப்பத்தைக் கொண்டு கடல்நீரை நன்னீராக்கும் ஒரு சிறு அமைப்பையும் அதனுடன் இணைத்தார்கள். நாளைக்கு 30 கன மீட்டர் கொள்ளளவு. பழைய சொத்தை இடித்துத் தள்ளுவதற்கு முன் அதன் உடம்பைப் படிக்க வேண்டும் என்ற பாடம், அணு உலைக்குப் பொருந்துவதுபோல் நாற்பது ஐம்பது ஆண்டு பழைய குடியிருப்புக் கட்டடத்துக்கும் பொருந்தும். இன்று மும்பை முழுக்க ரீடெவலப்மென்ட் என்ற ஒரே மருந்தைத்தான் எல்லா நோய்க்கும் எழுதிக் கொடுக்கிறார்கள். சில கட்டடங்களுக்கு அது வேண்டும். பல கட்டடங்களுக்கு நல்ல நீர்க்காப்பும் குழாய் மாற்றமும் போதும். எது எதற்கு என்று சொல்ல, அந்தக் கட்டடத்தின் பழைய பதிவுகள் வேண்டும். அவை பெரும்பாலும் இருப்பதில்லை.

இடத்தின் மதிப்பு மிகக் கூர்மையாகத் தெரிவது இடர் வரும்போது. 2005 ஜூலை 26-ஐ இங்கே யாரும் மறந்திருக்க முடியாது. சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. அன்று இரவு மும்பையில் எத்தனையோ பேர் அலுவலக மேசைகளில் தலை சாய்த்தார்கள். ஜெனரேட்டரும் சுவிட்ச் ரூமும் தரைக்கீழ் மாடியில் வைத்த கட்டடங்கள் இருண்டன. உயரத்தில் வைத்தவை தாங்கின. வரைபடம் போடும் நாளில் எடுத்த ஒரு முடிவு அன்றைக்குத் தன் விலையைச் சொன்னது. அதற்கு ஏழு மாதம் முன், 2004 டிசம்பர் 26 அன்று, கல்பாக்கத்தில் சுனாமி வந்தது. கடல்நீர் அங்குள்ள அணுமின் நிலையத்தின் பம்ப் ஹவுசுக்குள் புகுந்தது. இயங்கிக்கொண்டிருந்த இரண்டாவது உலையைப் பத்திரமாக நிறுத்தினார்கள். ஒரு வாரத்தில் அது மறுபடியும் ஓடத் தொடங்கியது. ஆனால் கடலோரம் இருந்த நகரியக் குடியிருப்புகளில் உயிர்கள் போயின. வீடுகள் சிதைந்தன. மின்நிலையத்தைக் கட்டியபோது கணக்கில் எடுத்த அலை உயரம், நகரியத்தைக் கட்டியபோதும் அதே கண்டிப்போடு எடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது என் கருத்து. உலையை இயக்குகிறவர் உறங்கும் வீடும் உலையின் பாதுகாப்பில் சேர்த்திதான்.

ரியல் எஸ்டேட் என்றதும் பலருக்கு விற்பனை விலைதான் நினைவுக்கு வரும். நரிமன் பாயின்ட்டில் 1974 முதல் நிற்கும் ஏர் இந்தியாவின் 23 மாடிக் கட்டடம் மகாராஷ்டிர அரசுக்கு 1,601 கோடி ரூபாய்க்குக் கைமாறியது. ஆலைத் தொழில் நசிந்தபின் பரேல், லோயர் பரேல் பகுதிகளில் ஆலை நிலங்கள் கோபுரங்களாயின. தொழில் போனபின் நிலம் விலை போவது மதிப்புச் சேர்த்தலாகாது. அது கடைசிக் கணக்குத் தீர்ப்பு. நான் பேசுவது தொழில் நடக்கும்போது இடம் அதற்குக் கொடுக்கும் பலத்தைப் பற்றி.

இங்கே ஒரு விஷயத்தைப் பேசாமல் போனால் நான் நேர்மையாக நடந்தவனாக மாட்டேன். நிறுவனத்தின் நிலம் என்று சொல்கிறோம். அந்த நிலத்தில் அதற்கு முன் யாராவது இருந்தார்களா என்று கேட்க வேண்டும்.

இந்த நகரியத்தை ஒட்டி ஜனதா காலனி என்று ஒரு குடியிருப்பு இருந்தது. நகரத்தின் நடுவிலிருந்து மாநகராட்சியால் அப்புறப்படுத்தப்பட்ட ஏழைகள் சதுப்பு நிலத்தைத் தாங்களே மேடாக்கி வாழ்ந்த இடம் அது. தமிழ்க் குடும்பங்கள் நிறைய. அறுபதுகளில் கோலார் தங்கவயலிலிருந்து வந்த ஜாக்கின் அற்புதம் என்ற தமிழ் இளைஞர் அங்கே குடியேறினார். காலனியில் குப்பை அள்ள ஆள் வருவதில்லை. அவர் பிள்ளைகளைத் திரட்டினார். ஆளுக்குக் கொஞ்சம் குப்பையைக் காகிதத்தில் சுற்றி எடுத்துப்போய் மாநகராட்சி அலுவலகத்தின் முன் கொட்டச் செய்தார். பிறகு வண்டி வந்தது. அந்த நிலம் அணுசக்தி நிலையத்துக்குத் தேவை என்று கேட்கப்பட்டபோது பல ஆண்டுகள் நீதிமன்றத்திலும் டெல்லியிலும் போராடினார். கடைசியில் நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 மே மாதம், ஜனதா காலனி அகற்றப்பட்டது. சுமார் 70,000 பேர் டிராம்பேயின் ஓரத்தில் சீட்டா கேம்ப்புக்குக் கொண்டுபோய் விடப்பட்டார்கள். இன்று இந்த அவையில் அங்கிருந்து வந்தவர்கள் இருக்கிறீர்கள். இந்த நகரியம் நாட்டுக்குச் செய்த பணியை நான் உயர்வாக மதிக்கிறேன். அதே அளவு அழுத்தத்தோடு, அந்தப் பணியின் செலவில் ஒரு பங்கை அந்தக் குடும்பங்கள் செலுத்தின என்பதையும் பதிவு செய்ய விரும்புகிறேன்.

அற்புதத்தை இங்கே நினைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வளாகப் பராமரிப்பைப் பற்றி நான் அறிந்த மிகச் சிறந்த பாடங்களில் ஒன்று அவரும் அவருடைய தோழர்களும் நடத்திக்காட்டியது. குடிசைவாசிகளின் தேசியக் கூட்டமைப்பு, பெண்களின் மகிளா மிலன், ஸ்பார்க் என்ற தொண்டு நிறுவனம் ஆகிய மூன்றும் சேர்ந்து பூனாவிலும் மும்பையிலும் தொண்ணூறுகளின் இறுதியிலிருந்து பொதுக் கழிப்பறைகளைக் கட்டின. அதற்கு முன் மாநகராட்சி கட்டிய கழிப்பறைகள் ஏராளம். கட்டிய சில மாதங்களில் கதவு போகும், தண்ணீர் நிற்கும், அடைத்துக்கொள்ளும், யாரும் உள்ளே போக மாட்டார்கள். புதிய கழிப்பறைகளில் என்ன மாறியது? பராமரிப்பவர் குடும்பத்தோடு தங்க அதே கட்டடத்தில் ஓர் அறை வைத்தார்கள். தண்ணீர்த் தொட்டியை வரைபடத்திலேயே சேர்த்தார்கள். சிறு பிள்ளைகளுக்குத் தனி இடம் அமைத்தார்கள். குடும்பத்துக்கு மாதம் இவ்வளவு என்று பாஸ் வைத்து, அந்தப் பணத்திலிருந்து துப்புரவுச் செலவும் பராமரிப்பவரின் சம்பளமும் போயின. பராமரிப்பு எப்படி நடக்கும், யார் நடத்துவார், பணம் எங்கிருந்து வரும் என்ற மூன்றும் அஸ்திவாரம் தோண்டும் முன்பே முடிவாகிவிட்டன. கோடிக்கணக்கில் செலவழித்து எழுப்பும் எத்தனையோ அலுவலகக் கோபுரங்களில் இந்த மூன்று கேள்விகளும் சாவி வாங்கும் நாளில்தான் எழுகின்றன. அற்புதம் 2000-இல் மக்சேசே விருதும் 2011-இல் பத்மஸ்ரீயும் பெற்று, 2018-இல் மறைந்தார். மேலாண்மைக் கல்லூரிகளின் வளாக நிர்வாகப் பாடத்தில் இந்தக் கழிப்பறைகளும் இடம்பெற வேண்டும் என்பது என் ஆசை.

அந்தக் கழிப்பறையில் தங்கியிருந்த பராமரிப்பவருக்குத் தன் வேலை யாருக்குப் பயன்படுகிறது என்று தெரியும். அவரைப் பயனாளிகளுக்கும் பெயரோடு தெரியும். இன்றைய பெரிய வளாகங்களில் ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி, தோட்டம், லிஃப்ட் எல்லாம் வெளிக் காண்ட்ராக்ட். டெண்டரில் எல்-ஒன் வந்தவருக்கு வேலை. விலையில் குறைந்தவர் எங்கே குறைத்திருப்பார்? இயந்திரத்தின் விலையைக் குறைக்க முடியாது, ஃபினாயிலின் விலையைக் குறைக்க முடியாது. ஆட்களின் எண்ணிக்கையிலும் அவர்கள் கையில் சேரும் கூலியிலும்தான் கத்தி விழும். காண்ட்ராக்ட் மாறும்போது ஆட்கள் மாறுவார்கள். இந்த மாடியில் எந்த வால்வு எந்தக் குழாயை மூடும், எந்த ஷாஃப்ட்டில் எலி வரும், எந்த மீட்டிங் ரூமில் மதியம் இரண்டு மணிக்கு வெயில் அடிக்கும் என்பதெல்லாம் அவர்களோடு வெளியேறிவிடும். புதியவர் அதைக் கற்க ஓராண்டு ஆகும். அதற்குள் அடுத்த டெண்டர்.

ஆகவே நிறுவனங்களை நடத்துகிறவர்களிடம் எனக்குச் சில வேண்டுகோள்கள் உண்டு. வளாகத் துறைத் தலைவரைப் பட்ஜெட் கூட்டத்துக்கு மட்டும் கூப்பிடாதீர்கள். ஆட்கள் ஏன் வேலையை விட்டுப் போகிறார்கள் என்று மனிதவளத் துறை பேசும்போதும் அவர் உட்கார்ந்திருக்கட்டும். வேலைக்கு வருகிறவர் வீட்டிலிருந்து எவ்வளவு நேரம் பயணம் செய்கிறார், எத்தனை நாள் ஏ.சி. நின்றது, எத்தனை முறை நெட்வொர்க் அறைக்குள் தண்ணீர் வந்தது, அதனால் எந்த வேலை எத்தனை நாள் தள்ளிப்போனது என்று எழுதிவைக்கச் சொல்லுங்கள். மின்கட்டணம் எவ்வளவு குறைந்தது என்பதை அதற்குப் பிறகு கேளுங்கள். ஹவுஸ்கீப்பிங் டெண்டரில் கூலிப் பகுதியைப் போட்டியிலிருந்து வெளியே எடுத்து முன்கூட்டியே நிர்ணயித்துவிட்டு, மேற்பார்வையிலும் தரத்திலும் போட்டி வையுங்கள். காண்ட்ராக்டர் மாறினாலும் ஆட்கள் தொடரும்படி நிபந்தனை எழுதுங்கள். இவற்றில் ஒன்றுக்கும் பெரிய முதலீடு தேவையில்லை.

இந்த நகரியத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். இங்கே நாற்பது ஆண்டு பம்ப் ஹவுசிலும் மொட்டை மாடிகளிலும் கேபிள் டிரெஞ்சிலும் உழைத்து ஓய்வுபெற்ற பிளம்பர்கள், எலெக்ட்ரிஷியன்கள், மேஸ்திரிகள் செம்பூரிலும் மான்கூர்டிலும் சீட்டா கேம்ப்பிலும் இருக்கிறார்கள். அவர்களில் தமிழர்களும் பலர். எந்தக் கட்டடத்தின் அடியில் பழைய குழாய் எப்படிப் போகிறது, எந்த மழையில் எங்கே தண்ணீர் ஏறியது, எந்தத் தளத்தில் எப்போது என்ன பூசினார்கள் என்பது வரைபடத்தைவிட அவர்கள் நினைவில் துல்லியமாக இருக்கிறது. உங்கள் சங்கங்களின் இளைஞர்கள் ஒரு ஃபோனில் ஒலிப்பதிவு செய்தால் போதும். கட்டடம் கட்டடமாக அவர்களை அழைத்துச் சென்று, அவர்கள் சொல்வதை அந்தந்த இடத்திலேயே பதிவு செய்து, பொறியாளர்களிடம் ஒப்படையுங்கள். அடுத்த மே மாதத்துக்குள் தொடங்கினால் அந்த மழைக்கே பயன்படும்.